கடலுக்குக் கல் வைத்த கிரேன்

ஜஹாங்கீருக்கு உடைப்பதுதான் தொழில். பழைய பாய்லர், ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி, மில்லில் கழித்துப் போட்ட எந்திரம் எதுவானாலும் முதலில் அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்ப்பான். எங்கே தட்டினால் விட்டுக்கொடுக்கும் என்பது கண்ணுக்குப் பட்டுவிடும். அங்கே உளியை ஊன்றி சம்மட்டியால் போட்டானென்றால், மற்றவர்கள் அரை நாள் மல்லுக்கட்டுகிற இரும்பு இரண்டாகப் பிளந்து கிடக்கும். திருவொற்றியூர்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கிடங்குகளில் அவனை 'உடைப்பு பாய்' என்றுதான் சொல்வார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவன் வேலை பார்த்தது தாய்மாமன் அப்துல் வஹாபின் கிடங்கில். எண்ணூர் ரோட்டிலிருந்து கிழக்கே ஒரு சந்து இறங்கும். சந்தின் முடிவில் முள்வேலி போட்ட மணல் தரைதான் கிடங்கு. வேலிக்கு அந்தப் பக்கம் கீழைக்குப்பம். ஒரே வரிசையில் ஓலை வீடுகள், வீடுகளுக்கு முன்னால் கொஞ்சம் மணல், அப்புறம் கடல். முன்பெல்லாம் அந்த மணலில் நாலைந்து வரிசை கட்டுமரம் கிடக்குமாம். தெற்கே துறைமுகத்துக்குச் சுவர் எழும்பிய நாளிலிருந்து வடக்குக் கரையைக் கடல் வருஷா வருஷம் தின்றுகொண்டு வந்தது. இப்போது ஒரு வரிசை கட்டுமரத்துக்கே இடம் போதவில்லை.

கிடங்கின் கிழக்கு மூலையில் ஒரு டெரிக் கிரேன் பாகம் பாகமாகக் கிடந்தது. மேற்கே மலைகளுக்கு நடுவில் ஓர் ஆற்றை மறித்து அணை கட்டி முடித்துவிட்டு, எந்திரங்களை ஏலம் விட்டபோது வஹாப் எடுத்தது. யாராவது முழுசாகக் கேட்டு வருவார்கள் என்று யுத்த காலம் முழுக்க வைத்திருந்தார். யாரும் வரவில்லை. வெள்ளைக்காரன் போய் ஐந்தாறு வருஷமும் ஆகிவிட்டது.

"டேய் ஜஹாங்கீரு, அத்த இந்த மாசத்துல முடிச்சுடு. எடத்த அடச்சிகினு கெடக்குது" என்றார் வஹாப் ஒரு நாள்.

"சரி மாமு" என்று சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

வழக்கம்போல ஒரு சுற்று சுற்றினான். தென்னைமரம் அளவுக்கு ஒரு இரும்புக் கம்பம். அதைவிட நீளமாக, குறுக்குப் பட்டைகள் வைத்துப் பின்னின ஒரு கை. கம்பத்தைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க இரண்டு சாய்வுக் கால்கள். பல்சக்கரங்களும் உருளைகளுமாக, வடத்தைச் சுற்றி இழுக்கிற ஒரு நீராவி வின்சு. பக்கத்தில் ஆளைவிட உயரமாக நிமிர்ந்த பாய்லர். பித்தளைத் தகட்டில் ஏதோ சீமை ஊரின் பெயரும் 1911 என்ற வருஷமும் இருந்தன. வின்சில் தொடங்கலாம் என்று மூடியைக் கழற்றினான்.

உள்ளே கிரீஸ் மஞ்சள் நிறம் மாறாமல் இருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தான். பல்சக்கரத்தின் பற்கள் ஒன்றுகூட மூளியில்லை. கைப்பிடியைச் சும்மா பிடித்துச் சுற்றிப் பார்த்தான். அத்தனை வருஷம் மழையிலும் உப்புக் காற்றிலும் கிடந்த எந்திரம், ஒரு முனகல் இல்லாமல், சக்கரத்துக்குச் சக்கரம் கைமாற்றிக்கொண்டு கடைசி உருளை வரைக்கும் உருண்டது. ஜஹாங்கீர் சம்மட்டியைக் கீழே வைத்தான்.

அன்றைக்கு முழுக்க அவன் எதையும் உடைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தேய்கிற இடத்தில் மட்டும் பித்தளை வைத்திருந்தார்கள், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளட்டும் என்று. பிரேக் பட்டைக்கு உள்ளே மரக்கட்டை பதித்திருந்தார்கள், இரும்பும் இரும்பும் உரசி வழுக்காமல் இருக்க. மூட்டுக்கு மூட்டு உளியால் கொத்தின புள்ளி: ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவனும் பார்த்துப் பூட்டிவிடலாம். எதை எடுத்தாலும் அதைச் செய்தவன் அதை எடுத்து மாட்டப்போகிறவனை நினைத்துக்கொண்டே செய்திருக்கிறான் என்று பட்டது.

அடியில் ஒரு சாக்குக்குள் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு சாமான் இருந்தது. கத்தரிக்கோல் போல நடுவில் ஆணி வைத்துக் கோத்த இரண்டு வளைந்த இரும்புக் கைகள். மேல்முனைகளில் சங்கிலி, கீழ்முனைகளில் கூர். மூன்று மூங்கில் நட்டு, பாரம் தூக்குகிற சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, அதில் அந்தக் கொடுக்கை மாட்டினான். ஒரு கருங்கல்லின் இரண்டு பக்கமும் உளியால் சின்னதாகக் குழி எடுத்து, கூர்முனைகளை அதில் வைத்து, சங்கிலியை இழுத்தான். கல் எழுந்தது. இறக்கினான், கல் தரையைத் தொட்டுச் சங்கிலி தளர்ந்ததும் கொடுக்கு தானாக வாயைத் திறந்துகொண்டது. மறுபடி தூக்கினான், இறக்கினான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி அஜீசுன்னிசா மூங்கில் பக்கத்தில் நின்றாள். "இன்னாங்க, தனியா சிரிச்சிகினு கீறீங்க?"

"இங்க வந்து பாரேன். இதுல ஸ்குரு இல்ல, ஸ்பிரிங்கு இல்ல, பூட்டு இல்ல. கல்லு எவ்ளோ கனமோ அவ்ளோ இறுக்கமா புடிக்குது."

அவள் ஒருமுறை பார்த்தாள். "அப்ப கல்லோட கனமே கல்லப் புடிச்சுக்குதா?"

"அதேதான்! காலையிலேர்ந்து அத்த எப்டி சொல்றதுன்னு தெரியாம முழிச்சிகினு இருந்தேன், நீ பட்டுனு சொல்ட்டே."

"அப்ப இத்தயா ஒடைக்கப் போறீங்க?" என்றாள் அவள். ஜஹாங்கீர் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தான்.

அந்த மாதம் கிடங்கிலிருந்த மற்றதையெல்லாம் உடைத்தான். கிரேன் பக்கம் போகும்போதெல்லாம் வஹாப் முறைத்தார். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனான். அதற்குள் ஐப்பசி வந்தது, மழையும் வந்தது.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. வேலையில்லாமல் போனவர்களில் ஸ்டானிஸ்லாஸும் ஒருவன். ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் நீராவி வின்சு ஓட்டுகிறவன், ஜஹாங்கீரும் அவனும் சின்ன வயசுத் தோஸ்துகள். அவன் கிடங்குக்கு வந்தபோது வேலிக்கு அந்தப்பக்கம் கூச்சல் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

கடல் முந்தின நாள் கரையோரத் தென்னைகளைச் சாய்த்திருந்தது. இப்போது முதல் வீட்டின் முன்சுவர் அலைக்குள் உட்கார்ந்துவிட்டது. சந்து ஓரமாகப் பெரிய பெரிய கருங்கற்கள் கிடந்தன. போன கோடையில் கடலுக்குத் தடுப்புப் போடத் துறைமுகத்துக்காரர்கள் கொண்டுவந்து இறக்கியவை. சின்னக் கற்களை ஊர்க்காரர்கள் ஏற்கெனவே உருட்டி அலைக்கு முன்னால் போட்டுப் பார்த்தார்கள். கடல் அவற்றைக் கோலிக்குண்டு மாதிரி உருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. உட்கார்ந்த எருமை போலக் கிடந்த பெரிய கற்களை அசைக்க முடியவில்லை. துறைமுகத்து கிரேன் புயல் ஓய்ந்த பிறகு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்படி ஒரு கல்லுக்கு அடியில் கடப்பாரைகளை விட்டு ஆணும் பெண்ணுமாக நெம்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று சத்தம் போட்டவள் கன்னியம்மா. நாற்பதைத் தாண்டியவள், கடலில் புருஷனைக் கொடுத்துவிட்டு மீன் கூடை சுமந்து பிழைக்கிறவள். அவள் குரலுக்குக் குப்பத்தில் ஆண்களும் கட்டுப்படுவார்கள்.

"இன்னாய்யா வேடிக்கை? கை வைங்கய்யா!" என்று இவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

கை வைத்தார்கள். கல் ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, மறுபடி தன் குழியிலேயே உட்கார்ந்தது. ஜஹாங்கீர் நிமிர்ந்து மூச்சு வாங்கினான். கல்லைப் பார்த்தான், வேலிக்கு அப்பால் கிடந்த இரும்புக் கையைப் பார்த்தான்.

"அக்கா, இது மன்சன் தூக்கற கல்லு இல்ல. இந்த மாதிரிக் கல்ல தூக்கறதுக்குன்னே செஞ்சது ஒண்ணு எங்க கெடங்குல கீது."

"கீதுன்னா எட்த்துகினு வாயேன்!"

"நட்டு நிறுத்தணும். நட்டுட்டா, இங்கேர்ந்தே கல்ல எடுத்து அலைக்கு நடுவுல வச்சுடலாம்."

"வச்சா கயித்த யாரு அவுக்கறது? அந்த அலையில எறங்கறவன் திரும்பி வருவானா?"

"யாரும் எறங்க வேணாம்க்கா. கல்லு தரையத் தொட்டதும் அதுவே வுட்டுடும்."

கன்னியம்மா அவன் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிடங்கு வாசலுக்கு நடந்தாள். குப்பம் அவள் பின்னால் போனது.

வஹாப் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒடைக்கச் சொன்னா நட்டு வைக்கறேன்றே! எத்தினி வருசமா நெருப்பு பாக்காத பாய்லரு. வெடிச்சா யாருடா பதிலு சொல்றது?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ்தான் பதில் சொன்னான். "பாய், நான் உள்ள பூந்து பாக்கறேன். ஆவாதுன்னா ஆவாதுன்னு நானே சொல்லிடறேன். அதுங்கிட்ட நிக்கப்போறது நாந்தானே?"

"சாயபு," என்றாள் கன்னியம்மா, "எங்க வூடுங்க போனா அடுத்தது ஒன் வேலிதான். அதுக்கோசரம் சொல்லல. புள்ளைங்கள எங்க கொண்டு படுக்க வைக்கறதுன்னு தெரில. அதுக்கோசரம் கேக்கறேன்."

வஹாப் வேலிக்கு மேலே எகிறுகிற நுரையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறிவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார். "மொதல்ல பாய்லர பாருங்க" என்றார்.

ஸ்டானிஸ்லாஸ் அடுப்பு வாய் வழியாக விளக்கோடு உள்ளே புகுந்தான். ஒரு சின்னச் சுத்தியலால் தகடு தகடாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டான். நல்ல தகடு மணி மாதிரி பேசும். அரித்த தகடு செத்த சத்தம் கொடுக்கும். உடம்பெல்லாம் கரியாக வெளியே வந்தபோது அவன் முகத்தில் ஆச்சரியம் இருந்தது.

"தகடெல்லாம் கல்லு மாதிரி கீது. ரெண்டு கொழாதான் ஓட்டை. அதுங்க ரெண்டு முனையையும் அடச்சுட்டா மிச்சம் கொழாங்க வேலை செய்யும். துறைமுகத்துல நான் ஓட்டறதே இதுல பாதி கனம் இல்லப்பா!"

தண்ணீர் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயைத் துறைமுகத்துத் தோஸ்து ஒருவனிடம் இரவல் வாங்கிவந்தான். பழைய கம்பி வடம் இற்றுப் போயிருந்ததால், கப்பலில் கழித்த நல்ல வடம் ஒன்றை வஹாபே தேடி எடுத்துக் கொடுத்தார்.

கம்பத்தை நிறுத்தியது மீனவர்கள். தோணிகளின் பாய்மரங்களைக் கவையாகக் கட்டி, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, வலை இழுக்கிற கயிறுகளைக் கட்டி, கொட்டுகிற மழையில் ஐலசா போட்டு இழுத்தார்கள். அவர்களுக்குக் கடல் சொல்லிக் கொடுத்திருந்தது: ஒருவன் அவசரப்பட்டால் அத்தனை பேருக்கும் ஆபத்து என்று. கம்பம் அங்குலம் அங்குலமாக எழுந்து தன் குழியில் உட்கார்ந்தது. ஜஹாங்கீர் மூட்டுக்கு மூட்டு புள்ளிகளைப் பார்த்து ஆணி கோத்தான். எந்த ஆணியையும் அடித்து ஏற்ற வேண்டியிருக்கவில்லை. எண்ணெய் தடவி வைத்தால் உள்ளே போயிற்று. மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் சாய்வுக் கால்களை மரச்சட்டங்களில் ஊன்றி, கை பூட்டி, வடம் கோத்து, கிரேன் குப்பத்துக்கு மேலே தலை தூக்கி நின்றது.

பாய்லருக்குக் கடல் தண்ணீர் ஆகாது. உப்பு கட்டி குழாயை அடைத்துவிடும். குப்பத்துக் கிணறுகளிலும் உப்பு ஏறியிருந்தது. ரோட்டுக்கு மேற்கே இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து சந்து முழுக்கப் பெண்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றினார்கள். அஜீசுன்னிசா கடைசி ஆளாகப் பாய்லர் பக்கத்தில் நின்று ஊற்றினாள். விறகு பற்றவைத்து வெகுநேரம் கழித்து, உள்ளே தண்ணீர் முனகத் தொடங்கியது. ஸ்டானிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டு நெம்புகோலை இழுத்தான். வின்சு ஒருமுறை தும்மி, உடம்பிலிருந்த தண்ணீரையெல்லாம் கக்கி, பிறகு சுற்ற ஆரம்பித்தது. குழந்தைகள் ஓவென்று கத்தின. வஹாபும் கத்தினார் என்று அப்புறம் சொன்னார்கள். அவர் இல்லையென்று சாதித்தார்.

முதல் கல்லுக்கு ஜஹாங்கீர் குழி கொத்தினான். இத்தனை வருஷமாக எங்கே தட்டினால் உடையும் என்று பார்த்த கண், இப்போது எங்கே தட்டினால் உடையாது என்று தேடியது. கொடுக்கை மாட்டிவிட்டு ஸ்டானிஸ்லாஸுக்குச் சைகை காட்டினான். வடம் விறைத்தது. மனிதர்கள் கூடி நின்று அசைக்க முடியாத கல், மண்ணை உதறிக்கொண்டு, சத்தமில்லாமல் மேலே எழுந்தது. கையின் நுனியில் கட்டியிருந்த கயிறுகளைப் பிடித்து மீனவர்கள் அதைக் கடல் பக்கம் திருப்பினார்கள். வீட்டுக் கூரைகளுக்கு மேலாகக் கல் மிதந்து போனது. அலை பின்வாங்கின நேரம் பார்த்து ஸ்டானிஸ்லாஸ் பிரேக்கைத் தளர்த்தினான். கல் இறங்கியது, வடம் தளர்ந்தது, கொடுக்கு வாயைத் திறந்துகொண்டு காலியாக மேலே வந்தது. அடுத்த அலை வந்து கல்லில் மோதிச் சிதறியது. தண்ணீர் வடிந்தபோது கல் வைத்த இடத்திலேயே இருந்தது.

"அடேங்கப்பா!" என்றாள் கன்னியம்மா. கல்லுக்கா, கொடுக்குக்கா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வரைக்கும், மறுநாள் விடிந்ததிலிருந்தும் கல் கல்லாக வைத்தார்கள். பெரிய கற்களுக்குப் பின்னால் சின்னக் கற்களையும் மணல் சாக்குகளையும் குப்பத்து ஆட்கள் அடைத்தார்கள். பிறைபோல ஒரு சுவர் எழும்பிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய கல்லைத் தூக்கும்போதுதான் விபரீதம். கல் தரையை விட்டு எழுந்ததும், கிரேனின் ஒரு பின்கால் ஊன்றியிருந்த மரச்சட்டம் மணலைவிட்டு மேலே எழுந்ததை ஜஹாங்கீர் பார்த்தான். ஒரு சாண் எழுந்தது. கம்பம் கடல் பக்கம் தலையாட்டியது.

"எறக்கு! எறக்கு!" என்று அலறினான்.

ஸ்டானிஸ்லாஸ் பதறவில்லை. சட்டென்று விட்டிருந்தால் அந்த உதறலிலேயே எல்லாம் சாய்ந்திருக்கும். பிரேக்கின் மேல் உடம்பையே சாய்த்துக்கொண்டு, மரக்கட்டை புகைய, கல்லை மெதுவாகத் தரைக்குக் கொண்டுவந்தான். பின்கால் தொப்பென்று மணலில் உட்கார்ந்தது.

"காலுக்குப் பாரம் பத்தலடா" என்றார் வஹாப். "நான் பாத்துகினு இருந்தேன். அணைக்கட்டுல மேல கல்லு அடுக்கியிருப்பான். நம்மகிட்ட இரும்பு இல்லியா?" திரும்பிக் கிடங்கைப் பார்த்துக் கையை வீசினார். "எல்லாத்தையும் கொண்டாந்து போடு!"

உடைத்து வைத்த தகடு, தண்டவாளத் துண்டு, பல்சக்கரம் என்று கிடங்கில் இருந்த சரக்கெல்லாம் பின்கால்களின் மேல் ஏறியது. வாசலில் ஒரு பழைய கப்பல் நங்கூரம் சாய்த்து வைத்திருந்தது. வஹாபின் கிடங்குக்கு அடையாளமே அதுதான். யார் கேட்டும் விற்றதில்லை. அதையும் உருட்டிவரச் சொன்னார். பிறகு தாமே அந்த இரும்புக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இப்ப தூக்கு" என்றார். கல் எழுந்தது. பின்கால் அசையவில்லை.

வடக்குக் கோடியில் சுவர் நின்றுவிட்டது. கிரேனின் கை அதற்கு மேல் எட்டவில்லை. எட்டாத இடத்தில் மூன்று வீடுகள் இருந்தன. கடைசி வீடு கன்னியம்மாவுடையது. ஜஹாங்கீர் அந்தக் கையைத் தாழ்த்தச் சொல்லிப் பார்த்தான். இன்னும் தாழ்த்தினால் கல்லோடு கிரேனும் போய்விடும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவளிடம் போனான்.

"தெரியும்ப்பா" என்றாள் அவள். "நேத்து அது கைய நீட்டினப்பவே அளந்துட்டேன். வரிசையில மிச்சம் எல்லா வூடும் உள்ள வந்துடுச்சு இல்ல? அத்தப் பாரு."

அன்றைக்கு மத்தியானம் விறகு தீர்ந்தது. ஊரில் இருந்த சவுக்கு எல்லாம் நனைந்து, புகைகிறதே தவிர எரியவில்லை. நீராவி இறங்கிக்கொண்டே வந்தது. தெற்குப் பக்கம் இன்னும் ஒரு வாய் அடைபடாமல் இருந்தது. அதன் வழியாகத்தான் தண்ணீர் ஊருக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடிக் குழாயையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

கன்னியம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். கூரையில் ஏறி மேல் ஓலையைத் தள்ளினாள். உள்ளே அடுப்புப் புகை படிந்து கருத்து, எத்தனையோ வருஷம் காய்ந்த பனங்கைகள். ஒவ்வொன்றாக அறுத்துக் கீழே போட்டாள்.

"அக்கா, இன்னா பண்றே?" என்று ஜஹாங்கீர் கீழேயிருந்து கத்தினான்.

"ராத்திரிக்குள்ள கடல் எடுத்துகினு பூடும். அதுக்குக் குடுக்கறதுக்குப் பதிலா இதுக்குக் குடுக்கறேன். நின்னு பேசிகினு இருக்காத, தூக்கு!"

மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் கூரையில் ஏறினார்கள். கதவு, நிலை, பனங்கை, கட்டில் கால் எல்லாம் அடுப்புக்குள் போயின. காய்ந்த பனை குப்பென்று பிடித்தது. வின்சு மறுபடி குரல் எடுத்தது. ஜஹாங்கீரின் கண்கள் கலங்கியிருந்தன. புகைதான் என்று சொல்லிக்கொண்டு அடுத்த கல்லுக்குக் குழி கொத்தினான். பொழுது சாய்கிற நேரத்தில் தெற்கு வாயில் கடைசிக் கல் உட்கார்ந்தது.

மறுநாள் விடிந்தபோது வடக்குக் கோடியில் மூன்று வீடுகளும் இருந்த தடமே இல்லை. மற்ற வீடுகள் அத்தனையும் இருந்தன. சுவரின் மேல் அலை அடித்துக்கொண்டே இருந்தது. கற்களுக்கு இடையில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து, மணலைத் தொடுவதற்குள் அடங்கிப்போனது. இரண்டொரு நாளில் மழை விட்டது. ஆண்கள் கற்களின் மேல் வலையைக் காயப்போட்டார்கள்.

வஹாப் கிரேனை உடைக்கிற பேச்சையே எடுக்கவில்லை. "நிக்கட்டும்டா, அழகாத்தான் கீது" என்றார். கிடங்கின் கிழக்கு ஓரத்தில் வேலியைத் தள்ளிப்போட்டு, மூன்று வீட்டுக்கு மனை விட்டார்.

செய்தி எப்படிப் போயிற்றோ, தை பிறந்த பிறகு அணைக்கட்டு வேலை பார்க்கிற எஞ்சினியர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். தவசிமுத்து என்று பெயர், தெற்கத்திப் பேச்சு. புதிதாக ஓர் அணை கட்டுகிறார்களாம். சீமையிலிருந்து வரவேண்டிய கிரேன்கள் வரத் தாமதமாம். அவர் நேராகக் கிரேனிடம் போய், மூடியைத் திறந்து, பல்சக்கரத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு கைப்பிடியைச் சுற்றினார். அது முனகாமல் உருண்டபோது அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்ததும் ஜஹாங்கீருக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

"எம்மாடி! நாப்பது வருசத்துச் சாமானா இது?" என்றார். "நீராவி ஏத்திக் காட்டுவீயளா?"

ஏற்றினார்கள். சுவரில் சரிந்திருந்த ஒரு பெரிய கல்லை எடுத்துச் சரியாக வைத்துக் காட்டினார்கள். எஞ்சினியர் திருப்தியாகத் தலையாட்டினார். "சரி, இத நாங்க எடுத்துக்கிடுதோம். ஆனா நட்டு நிறுத்தத் தெரிஞ்ச ஆளும் கூட வரணும்."

ஜஹாங்கீர் அஜீசுன்னிசாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போய்ட்டு வாங்க. ஆனா அணை முடிஞ்சப்புறம் என்னைக் கூட்டிகினு போய் காட்டணும்" என்றாள்.

"இருங்கய்யா!" என்று குரல் வந்தது. கன்னியம்மா புது வீட்டின் இரண்டு பக்கச் சுவரையும் எழுப்பி, மேலே உத்திரம் வைக்காமல் இருந்தாள். உத்திரமாக வஹாப் கொடுத்தது ஒரு கப்பல் மரம், தேக்கு. ஆட்கள் ஏற்ற முயன்று, பச்சை மண்சுவர் உதிர ஆரம்பித்ததும் விட்டுவிட்டார்கள். "நெருப்பு அணையறதுக்குள்ள அத்த ஒண்ணு தூக்கி வச்சுட்டுப் போவச் சொல்லுங்க. செவுரு இன்னும் காயல, தட்டினா வுழுந்துடும்."

ஸ்டானிஸ்லாஸ் எஞ்சினியரைப் பார்த்தான். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றார். "தூக்குங்க. நானும் பாக்குதேன்" என்றார்.

கொடுக்கின் கூர்முனை மரத்தைக் கடிக்காதபடி ஜஹாங்கீர் சாக்கு சுற்றினான். உத்திரம் எழுந்தது. பாறைகளைத் தூக்கிக் கடலில் வைத்த அந்தக் கை, தேக்கு மரத்தைக் குறுக்கே ஏந்திக்கொண்டு, வேலியைத் தாண்டி, புதுச் சுவர்களுக்கு மேலே வந்து நின்றது. கன்னியம்மா ஒரு சுவரை ஒட்டிக் கட்டின சாரத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஜஹாங்கீர் மற்றச் சுவரின் சாரத்தில்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும் ஒரு வெரல்... நில்லு!"

ஸ்டானிஸ்லாஸ் நிறுத்தினான். உத்திரம், சுவர்களில் அதற்கென்று விட்டிருந்த குழிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் ஆடாமல் நின்றது. கன்னியம்மா அதைத் தொட்டுச் சற்றே நகர்த்தினாள். அவ்வளவு பெரிய மரம் அவள் ஒற்றைக் கைக்குக் கட்டுப்பட்டு நகர்ந்தது.

"இப்ப வுடு."

உத்திரம் இரண்டு குழியிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தது. சுவரிலிருந்து ஒரு பொட்டு மண்கூட உதிரவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். கொடுக்கு வாயைத் திறந்துகொண்டு மேலே போனது.

கன்னியம்மா இறங்கவில்லை. "பாத்துகினு நிக்காதீங்க, கை வைங்க" என்று கீழே நின்றவர்களை அதட்டினாள். பொழுது போவதற்குள் ஓலை போட்டுவிட வேண்டும் என்று முதல் ஓலைக்கட்டை மேலே வாங்கினாள்.